வேலைக்கு நடுவே ஒரு பசில்-பிளாட்பார்மரை முழுதாக முடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வாரத்தில் மூன்று நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம். வேலைக்குப் போகிற பலருக்கு விளையாடக் கிடைப்பது இவ்வளவுதான். ஓடித் தாவிக்கொண்டே நடுவில் வழியை மறிக்கும் புதிர்களை அவிழ்க்கிற பசில்-பிளாட்பார்மர் வகை இந்த அரை மணி நேரத்துக்குள் நன்றாக அடங்கும். ஆனாலும் நண்பர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் இதைக் கையில் கொடுத்துப் பார்த்ததில், பாதியில் விட்டவர்கள்தான் அதிகம்.

புதிர் கஷ்டமாக இருந்ததால் அவர்கள் விடவில்லை. நாலைந்து நாள் கழித்துத் திறந்தால் எங்கே நின்றோம், எதை முயன்றுகொண்டிருந்தோம் என்பது மறந்துபோயிருந்தது. அதைத் திரும்பப் பிடிப்பதிலேயே அரை மணி நேரமும் போய்விடுகிறது. அப்புறம் ஒரு நாள் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் எப்படி ஆரம்பிப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது, எப்படித் திரும்பி வருவது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முக்கிய எடுத்துக்காட்டு பிரெய்ட். ஜொனாதன் புளோ உருவாக்கி 2008-இல் வெளிவந்த, காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் புதிர் அவிழ்க்கும் கேம். அதன் பெரும் பிரிவுகளுக்கு 'உலகம்' என்று பெயர். 2024-இல் அதன் புதுப்பித்த பதிப்பான ஆனிவர்சரி எடிஷன் வந்தது. ஒப்பிடுவதற்கு போர்ட்டல், லிம்போ, இன்சைட், தாமஸ் வாஸ் அலோன், ஃபெஸ் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் புதிருக்கும் விடை சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

1. முதலில் உங்கள் இடைவெளியை அளந்து பாருங்கள்

'வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்?' என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: யாரும் கூப்பிடாமல் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ஒரு முறை உட்கார்ந்ததற்கும் அடுத்த முறைக்கும் நடுவில் எத்தனை நாள் போகும்?

முதல் எண் சின்னதாக இருந்தால் சமாளிக்கலாம். பத்து நிமிடத்தில் முடியும் லெவல்கள் நிறைய கேம்களில் இருக்கின்றன. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால்தான் சிக்கல். தினமும் கால் மணி நேரம் விளையாடுகிறவர் பிரெய்டைச் சுலபமாக முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவர் மொத்தத்தில் அவரைவிட அதிக நேரம் செலவிட்டாலும் திணறுவார். புதிரின் விதி தலையில் ஒரு வாரம் தங்காது. பட்டன்கள் விரலிலும் தங்காது.

இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு வேண்டும்.

2. கேமைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள்

'மூணு மணி நேரத்தில் முடிஞ்சிடும்' என்று கேள்விப்பட்டு வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மொத்த நீளம் சின்னதாக இருப்பதும், துண்டு துண்டாக விளையாட வசதியாக இருப்பதும் வேறு வேறு. வாங்கும் முன் இந்த நான்கைக் கேளுங்கள்.

எங்கே சேவ் ஆகிறது? ஒரு புதிர் ஒரே திரைக்குள், அல்லது ஒரே அறைக்குள் அடங்குகிறதா? அவிழாத புதிரைத் தாண்டிப் போய்விட்டு அப்புறம் திரும்பி வர முடியுமா? கேமை மூடிய பிறகு நான் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

நான்காவது கேள்விதான் மற்ற மூன்றையும்விட முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை.

தாமஸ் வாஸ் அலோன் (2012) மொத்தம் 100 லெவல். பத்துப் பத்தாகப் பத்து அத்தியாயங்கள். ஒரு லெவல் சில நிமிடம்தான். நினைவில் வைக்க வேண்டியது மிகக் குறைவு: நீங்கள் ஆட்டுவிக்கும் வடிவங்களில் இந்தச் செவ்வகம் உயரமாகத் தாவும், அந்தச் சதுரம் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காதவர்கள் இதில் தொடங்கலாம்.

போர்ட்டல் (2007) அறை அறையாகப் போகும். சோதனை அறைகளின் எண் 19 வரை ஓடுகிறது. ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் லிஃப்ட். லிஃப்டில் நிறுத்தினால் எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. 18-ஆவது அறை மற்றவற்றைவிட நீளமானது. 19-க்குப் பிறகு அறை என்கிற பிரிவே மறைந்துவிடும். இடம் தொடர்ச்சியாக நீண்டுகொண்டே போகும். அந்தப் பகுதிக்கு விடுமுறை நாளில் ஒரு முழு மாலையை ஒதுக்கி வையுங்கள்.

லிம்போ (2010), இன்சைட் (2016) இரண்டும் கோபன்ஹேகனில் உள்ள பிளேடெட் நிறுவனத்தின் கேம்கள். செக்பாயின்ட், அதாவது செத்தால் திரும்ப எழும் இடம், அடுத்தடுத்து வரும். எங்கே மூடினாலும் இழப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது. அதனால் வசதியானவை என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இருளும் ஒலியும் சேர்ந்து உண்டாக்கும் பயம்தான் உங்களை முன்னே இழுத்துப் போகிறது. அதைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டினால் வெறும் பெட்டி தள்ளும் வேலையாகிவிடும். இவற்றுக்கு ஒரு மணி நேர இருக்கைகள் (ஒரு முறை உட்கார்ந்து ஆடுவதைத்தான் இருக்கை என்கிறேன்) மூன்று நான்கு போதும். அந்த மூன்று நான்கும் ஒரே வாரத்தில் வரட்டும்.

ஃபெஸ் (2012) அழகான கேம். ஆனால் அதற்கென்று தனி எழுத்து உண்டு, தனி எண்கள் உண்டு, கிளை கிளையாகப் பிரியும் வரைபடம் உண்டு. ஒரு கதவில் பார்த்த குறியீடு பல அறைகள் தள்ளித் தேவைப்படும். வாரத்துக்கு ஒரு நாள் விளையாடுகிறவர் நோட்டுப் புத்தகம் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

பிரெய்ட் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு புதிர் பெரும்பாலும் ஓரிரு திரைக்குள் அடங்கிவிடும். எந்தப் புதிரையும் விட்டுவிட்டு நேராகக் கதவுக்கு நடந்து போகலாம். நினைவில் வைக்க வேண்டியது, அந்த உலகத்தில் காலம் எப்படி நடந்துகொள்கிறது என்ற ஒரே விதி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் கிடைக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

3. வாங்கும்போது

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நேரம் கிடைக்காதவர்கள் இந்த விதியில்தான் தவறுகிறார்கள்: தள்ளுபடியில் வாங்கி வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் திறக்கிறார்கள். முதல் இருக்கைக்கு நாள் குறித்துவிட்டு அந்த வாரத்தில் வாங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கேம் வேண்டாம்.

4. கையில் இருக்க வேண்டியவை

பெரிய பட்டியல் இல்லை. ஒரு கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. பிரெய்டைக் கீபோர்டிலும் ஆடலாம்: நடக்க அம்புக்குறிகள், தாவ ஸ்பேஸ், காலத்தைப் பின்னோக்கி ஓட்ட ஷிஃப்ட். ஆனால் நாள் முழுக்க அதே கீபோர்டில் வேலை செய்துவிட்டு உட்காருகிறவர்களுக்குக் கையில் வேறொரு பொருள் இருப்பது உதவுகிறது. எதில் ஆடினாலும் கடைசி வரை அதிலேயே ஆடுங்கள். நடுவில் மாற்றினால் விரல் பழக்கம் முதலிலிருந்து வர வேண்டும்.

இயர்போன் கட்டாயம். வீட்டில் மற்றவர்கள் தூங்குவார்கள் என்பது ஒரு காரணம். பிரெய்டில் காலம் பின்னோக்கி ஓடும்போது இசையும் பின்னோக்கி ஓடும். காலம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பல நேரம் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுகிறவர்கள் நான்காம் உலகத்தில் மற்றவர்களைவிட அதிகம் குழம்புவதைக் கவனித்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். போனில் எழுதலாமே என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் வாட்ஸ்அப் கண்ணில் படும், பத்து நிமிடம் போய்விடும். நோட்டு கன்ட்ரோலரின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

5. முதல் இருக்கை மட்டும் நீளமாக இருக்கட்டும்

அரை மணி நேரத் திட்டத்தை முதல் நாளே ஆரம்பிக்காதீர்கள். முதல் முறை ஒன்றரை மணி நேரம் வேண்டும். பட்டன்கள் விரலில் ஏறவும், இந்தக் கேம் எந்த மாதிரிக் கேள்வி கேட்கும் என்று புரியவும் அந்த நேரம் தேவை. அது புரிவதற்குள் நிறுத்திவிட்டால் அடுத்த முறை மறுபடியும் முதல் லெவலில் நிற்பீர்கள்.

டவுன்லோடு, அப்டேட், கன்ட்ரோலர் இணைப்பு எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் விளையாட உட்கார்ந்து அப்டேட் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில் போகும் உற்சாகம் லேசில் திரும்பாது.

பத்து நிமிடம் ஆடியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு லெவலின் நடுவில் கேமை முழுதாக மூடுங்கள். மறுபடி திறங்கள். எங்கே வந்து நிற்கிறீர்கள், எது போயிற்று, எது இருக்கிறது என்று பாருங்கள். எதை இழப்போம் என்று முன்கூட்டியே தெரிந்தால், பிறகு நடுவில் மூட வேண்டி வரும்போது மனசு பதறாது. இதைச் செய்யாதவர்கள்தான் 'இன்னும் ஒரு நிமிஷம், சேவ் ஆகட்டும்' என்று வீட்டில் திட்டு வாங்குகிறார்கள்.

மீதி நேரத்தில் பிரெய்டின் இரண்டாம் உலகத்தை நடந்து பாருங்கள். ஆம், கேம் இரண்டாம் உலகத்தில்தான் தொடங்கும். முதலாம் உலகம் கடைசியில் வரும். காலத்தை எவ்வளவு தூரம் பின்னுக்கு ஓட்டலாம், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமா என்று வேண்டுமென்றே பள்ளத்தில் விழுந்து சோதியுங்கள். இந்தக் கேமில் சாவு என்பது இல்லை, பின்னோக்கி ஓட்டினால் போதும். புதியவர்கள் பழைய பழக்கத்தில் பயந்து பயந்து தாவுகிறார்கள். அந்தப் பயம் போனால்தான் புதிர் கண்ணுக்குத் தெரியும்.

6. பிரெய்டை எந்த வரிசையில் ஆடுவது

இரண்டு முதல் ஆறு வரை ஐந்து உலகங்கள். ஒவ்வொன்றிலும் 12 படத்துண்டுகள், மொத்தம் 60. துண்டை எடுக்காமலே லெவலைக் கடக்கலாம். அடுத்த உலகமும் திறக்கும். கடைசிப் பகுதிக்குப் போகத்தான் எல்லாத் துண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த அமைப்பை அப்படியே உங்கள் நாட்குறிப்புக்குப் பயன்படுத்தலாம். ஓர் உலகத்தின் முதல் இருக்கையில் எல்லா லெவலையும் வேகமாக நடந்து கடந்துவிடுங்கள். சும்மா கிடைக்கிற துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டாவது, மூன்றாவது இருக்கைகளில் விட்டதைத் தேடி வாருங்கள்.

காரணம், புதிரை ஒரு முறை பார்த்துவிட்டால் தலை அதைப் பின்னணியில் உருட்டிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது விடை வந்து விழும். நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய லாபம். விளையாடாத நேரத்திலும் வேலை நடக்கிறது. முதல் புதிரிலேயே பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டால், பின்னணியில் உருள ஒரே ஒரு புதிர்தான் இருக்கும்.

இன்னொரு விதி: ஓர் இருக்கையின் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிய உலகத்துக்குள் கால் வைக்காதீர்கள். ஒவ்வோர் உலகத்திலும் காலத்தின் விதி மாறுகிறது. புதிய விதியை அரைகுறையாகப் பார்த்துவிட்டு மூடினால், திரும்பி வரும்போது பழைய விதியும் புதியதும் தலையில் கலந்து கிடக்கும்.

மூன்றாம் உலகத்தில் பச்சையாக மின்னும் பொருள்கள் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் திரும்பாது. எந்த லெவலுக்குள் போனாலும் முதலில் எது பச்சை, எது பச்சையில்லை என்று ஒரு சுற்றுப் பாருங்கள். அதற்கு முன் தாவத் தொடங்குகிறவர்கள் பாதி நேரத்தை வீணடிக்கிறார்கள்.

நான்காம் உலகத்தில் நீங்கள் வலப்பக்கம் நடந்தால் காலம் முன்னே போகும், இடப்பக்கம் நடந்தால் பின்னே போகும், நின்றால் நிற்கும். ஏணியில் ஏறினாலும் இறங்கினாலும் காலம் அசையாது. படிக்க எளிது, கைக்கு வர நேரமாகும். இந்த உலகத்தை மட்டும் நாள் இடைவெளி விடாமல் அடுத்தடுத்த நாட்களில் முடிக்கப் பாருங்கள். நான் கையில் கொடுத்தவர்களில் அதிகம் பேர் கேமை விட்டது இங்கேதான். அவர்கள் எல்லோரும் இதன் நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டவர்கள்.

ஐந்தாம் உலகத்தில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டியதும், நீங்கள் முன்பு செய்ததை ஒரு நிழல் உருவம் திரும்பச் செய்யும். இங்கே நோட்டு மிகவும் உதவும். 'நிழல் எதைச் செய்ய வேண்டும், நான் எதைச் செய்ய வேண்டும்' என்று இரண்டு கோடு எழுதிவிட்டால் பல புதிர்கள் தாளிலேயே அவிழ்ந்துவிடும். ஆறாம் உலகத்தில் ஒரு மோதிரம் கிடைக்கும்; அதை வைக்கிற இடத்துக்கு அருகில் காலம் மெதுவாகும். முந்தையவற்றைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது பெரும் தடையாக இருக்காது.

7. மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது

நேரம் குறைவாக இருப்பவர்களின் அரை மணி நேரத்தை அதிகம் விழுங்குவது இதுதான். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

மாட்டுவதில் இரண்டு வகை உண்டு. என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை என்பது ஒன்று. என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை என்பது இன்னொன்று. எதில் நிற்கிறோம் என்று தெரியாமலே தாவிக்கொண்டிருப்பது மிகப் பரவலான தவறு.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். செய்யப்போவதை ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'முதலில் அந்தக் கதவைத் திறந்து, சாவி திரும்பிப் போகாமல் பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் வருவேன்.' வாக்கியம் முழுதாக வந்தால் அது கை வேலை. இன்னும் சில முறை முயலலாம். 'அப்புறம் எப்படியாவது மேலே போய்...' என்று நடுவில் இழுத்தால் விடை உங்களிடம் இன்னும் இல்லை. தாவிப் பயனில்லை, அடுத்த புதிருக்குப் போங்கள்.

பிரெய்டைப் பொறுத்தவரை இன்னோர் அடையாளமும் உண்டு. அதன் பெரும்பாலான புதிர்களுக்கு மயிரிழைத் துல்லியம் தேவையில்லை. ஒரே தாவலைத் திரும்பத் திரும்ப முயன்று நூலிழையில் தவறுகிறது என்றால், அநேகமாக நீங்கள் பிடித்த வழியே தவறு. லிம்போவிலும் இன்சைடிலும் இப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சில இடங்களில் நேரம் பிசகாமல் ஓட வேண்டித்தான் இருக்கும்.

ஒரு புதிருக்குக் கால் மணி நேரம் என்று எல்லை வையுங்கள். அரை மணி நேர இருக்கையில் பாதி அது. அதற்கு மேல் போனால் வேறெதுவும் நடக்காமலே நாள் முடிந்துவிடும். இரண்டு நாள் அப்படிப் போனால் கேமைத் திறக்கவே மனம் வராது.

வாக்த்ரூ, அதாவது படிப்படியான விடைக் குறிப்பு, பார்க்கலாமா? ஜொனாதன் புளோவே பிரெய்டுக்கு 'அதிகாரபூர்வ வாக்த்ரூ' என்று ஒன்று வெளியிட்டார். உள்ளே போனால், வாக்த்ரூ பார்க்காதீர்கள், நீங்களே அவிழுங்கள் என்றுதான் இருக்கும். நான் அந்தப் பக்கம்தான். இந்தக் கேமில் மொத்தச் சுகமும் அவிழும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. விடையைப் பார்த்துத் துண்டை எடுத்தால் நேரம் மிச்சமாகலாம், ஆனால் அந்த நேரத்தை எதற்காக ஒதுக்கினீர்களோ அது போய்விடுகிறது.

மூன்று தனித்தனி நாட்களில் ஒரே புதிரிடம் திரும்பி வந்தும் அசையவில்லை என்றால், முடித்த நண்பர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது இப்போதே முடியக்கூடியதா, அப்புறம் வர வேண்டியதா?' இந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. இரண்டாம் உலகத்தில் ஒரு துண்டை முதல் தடவை போகும்போது எடுக்க முடியாது. வேறு துண்டுகள் சேர்ந்த பிறகுதான் முடியும். அது தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து சோர்ந்தவர்கள் நிறைய.

ஆனிவர்சரி எடிஷனில் உருவாக்கியவர்களின் விளக்க உரைகள் நிறையச் சேர்த்திருக்கிறார்கள். அருமையான விஷயம், ஆனால் முதல் தடவை ஆடும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள். புதிர் எப்படி வடிவமைக்கப்பட்டது என்று பேசும்போது விடையும் சேர்ந்தே வெளிவரும். அதை முடித்த பிறகு கேளுங்கள்.

8. கடைசி ஐந்து நிமிடம்

மணி ஒன்பதரைக்கு எழ வேண்டும் என்றால் 9.25-க்கு அலாரம் வையுங்கள். ஒன்பதரைக்கு வைக்காதீர்கள். நிறுத்துவதற்கும் நேரம் வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் புதிதாக எதையும் முயல வேண்டாம். நோட்டில் மூன்று வரி: எங்கே நிற்கிறேன், எதை முயன்று பார்த்தேன், அடுத்து எதை முயலப்போகிறேன். இரண்டாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை தோற்ற அதே வழியைப் புதிய யோசனை என்று நினைத்து மறுபடி முயல்வீர்கள்.

மாதிரிக்கு: 'உலகம் 3, இரண்டாவது கதவு. சாவியோடு பள்ளத்தில் குதித்துப் பார்த்தேன், ஆகவில்லை. மேடை பச்சையா என்று பார்க்கணும்.' இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஒரு புதிர் அவிழ்ந்த சந்தோஷத்தில் உடனே மூடிவிடாமல், அடுத்த அறைக்குள் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மூடுங்கள். முயல வேண்டாம், பார்த்தால் போதும். மறுநாள் முழுக்கத் தலையில் உருட்டுவதற்கு ஒன்று கிடைக்கும்.

9. நடுவில் யாராவது கூப்பிட்டால்

போன் வரும், குழந்தை எழும், காலிங் பெல் அடிக்கும். பிரெய்டில் கன்ட்ரோலரை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து பின்னோக்கி ஓட்டிக்கொள்ளலாம். லிம்போவில் நீங்கள் ஆட்டுவிக்கும் பையன் செத்தால் சற்றுப் பின்னால் எழுந்து நிற்பான். கணினியில் போர்ட்டல் ஆடுகிறவர்கள் எஃப்6-ஐ அழுத்திச் சேவ் செய்யப் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்ற கையில் எடுத்துப் போகும் கேம் கருவிகளில் பவர் பட்டனை அழுத்தினால் கேம் அப்படியே தூங்கும். இது நேரமில்லாதவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆனால் ஒரே கேமை வீட்டில் கணினியிலும் வெளியில் ஸ்டீம் டெக்கிலும் ஆடுகிறீர்கள் என்றால் தூங்கவிட்டு விடாதீர்கள், முறைப்படி மூடுங்கள். இணையத்தில் சேமிக்கப்படும் கிளவுட் சேவ் பொதுவாகக் கேமை மூடும்போதுதான் மேலே ஏறும். ஏறாமல் விட்டால் மற்றக் கருவியில் பழைய இடத்தில் நிற்பீர்கள்.

10. பல நாள் கழித்துத் திரும்பும்போது

முதலில் நோட்டைப் படியுங்கள், அப்புறம் கேமைத் திறங்கள். இந்த வரிசை முக்கியம். திரையைப் பார்த்துவிட்டால் கை தானாக ஓடத் தொடங்கிவிடும்.

திறந்ததும் விட்ட புதிருக்குள் போகாதீர்கள். அதே உலகத்தில் ஏற்கெனவே முடித்த ஒரு லெவலில் மூன்று நிமிடம் ஓடுங்கள். பாட்டுக் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது மாதிரிதான் இது. விரல் விதியை நினைவுகூரட்டும். போர்ட்டலில் முந்தின அறையை மறுபடி ஆடலாம். லிம்போவில் மெனுவிலிருந்து முந்தின பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இடைவெளி இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டதா? அந்த உலகத்தின் முதல் லெவலுக்குப் போய் விதியை மறுபடி பாருங்கள். அதற்கு மேல் பின்னால் போக வேண்டாம். 'மறந்துபோச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்' என்று முழுக் கேமையும் அழித்துத் தொடங்குவதுதான் நான் பார்த்ததில் அதிகம் பேரைக் கவிழ்த்த தவறு. முதல் ஒரு மணி நேரத்தை மூன்று தடவை ஆடியவர்கள் இருக்கிறார்கள். நாலாம் உலகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் லெவல்களின் விடை தெரிந்துவிட்டதால் அவற்றில் புதிதாகக் கற்கவும் ஒன்றுமில்லை, சலிப்புதான் மிஞ்சும்.

11. எதையெல்லாம் விட்டுவிடலாம்

கதை முடிந்தால் கேம் முடிந்தது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த வகைக் கேம்களில் கூடுதல் சவால்கள் மறைந்து கிடக்கும், அவற்றில் சில உங்கள் நேரத்துக்கு ஒத்தே வராது.

பிரெய்டில் எட்டு ரகசிய நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுக்க, மெதுவாக நகரும் ஒரு மேகத்துக்காக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது நான்கு இருக்கை. முடித்த பிறகு வரும், 45 நிமிடத்துக்குள் முழுக் கேமையும் ஆடி முடிக்க வேண்டிய வேக ஓட்டமும் அப்படித்தான். லிம்போவில் ஐந்து தடவைக்கு மேல் சாகாமல் ஒரே இருக்கையில் முழுக் கேமையும் முடித்தால் ஒரு சாதனைப் பட்டம் கிடைக்கும். அரை மணி நேரக்காரர்களுக்கு அது வாய்க்காது. ஃபெஸில் 32 கனசதுரங்கள் சேர்ந்தாலே முடிவைப் பார்க்கலாம். மறைந்திருக்கும் இன்னும் 32 எதிர்க் கனசதுரங்கள்தான் அந்த எழுத்தையும் எண்ணையும் உடைக்கச் சொல்பவை.

ஆனால் ஃபெஸின் அந்தப் பாதியை முழுதாக ஒதுக்கிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொங்கல் விடுமுறையோ தீபாவளி விடுமுறையோ, தொடர்ந்து நாலு நாள் கிடைக்கும்போது, புதிய நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதற்குள் பிரெய்டை முடித்திருந்தால், மூன்று வரி எழுதும் பழக்கம் கையில் ஏறியிருக்கும். ஃபெஸ் கேட்பதும் அதைத்தான், ஆனால் பக்கம் பக்கமாக.